டெமோவில் எல்லாம் பச்சை என்பதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

ஜாப் ஷெட்யூலிங் வேலையை வெளியாட்களிடம் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் இரவு நேர பேட்ச் ஜாப்களை (ஆள் இல்லாமல் தானாக ஓடும் வேலைகளை), குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானிலிருந்து, ஒரு ஜாபின் முடிவைப் பார்த்து அடுத்ததை ஓட்டும் ஷெட்யூலரான ஆட்டோசிஸுக்கு மாற்ற ஒரு குழுவை அமர்த்தினோம். கிரானில் ஒரு ஜாப் தோற்றது அடுத்த ஜாபுக்குத் தெரியாது. நேர இடைவெளி விட்டு ஓட்டுவதுதான் வழி. தரவை ஏற்றும் லோட் ஜாப் தோற்றால் ரிப்போர்ட் ஜாப் ஓடக்கூடாது, அதற்காகத்தான் இந்த மாற்றமே. ஒப்பந்தத்திலும் அதை எழுதியிருந்தோம்.

டெமோவில் எல்லா ஜாபும் பச்சை. பணம் கைமாறியது. பிறகு ஓர் இரவு வரவேண்டிய ஃபைல் வரவில்லை, லோட் தோற்றது. ரிப்போர்ட்டோ ஒன்றும் நடக்காதது போல ஓடி, முந்தைய நாள் கணக்கைப் புதுத் தேதியில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டது.

ஜாப் வரையறைகளைத் திறந்து பார்த்தபோது கொதித்துப் போனேன். 'சக்சஸ்' நிபந்தனை இருக்க வேண்டிய இடமெல்லாம் 'டன்'. முந்தைய ஜாப் வென்றாலும் தோற்றாலும் பாதியில் நிறுத்தப்பட்டாலும் 'டன்' நிறைவேறிவிடும். தற்காலிக ஃபைல்களைத் துடைக்கும் ஜாபுக்கு அது சரி, ரிப்போர்ட்டுக்கு எப்படிச் சரியாகும்? டெமோவில் எதுவும் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இப்படிப் போட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

'சக்சஸ்' போட்டிருந்த சில இடங்களிலும் லுக்பேக் (முந்தைய ஜாபின் முடிவு எவ்வளவு பழையதாக இருக்கலாம் என்ற வரம்பு) இல்லை. அது இல்லாவிட்டால் ஆட்டோசிஸ் முந்தைய ஜாபின் கடைசி நிலையை மட்டுமே பார்க்கும். இன்று அது இன்னும் தொடங்கவே இல்லையென்றாலும் நேற்றைய வெற்றி போதும், அடுத்தது கிளம்பிவிடும். தினசரி ஜாபுக்கு 12 மணி நேரம் என்பதுபோல ஒரு வரம்பு வேண்டும். பூஜ்யம் கொடுத்தால், சார்ந்த ஜாப் கடைசியாக ஓடியதற்குப் பிறகு முந்தையது முடிந்திருந்தால்தான் நிபந்தனை நிறைவேறும்.

இதைவிட மோசம், லாக் எழுதுவதற்காக அவர்கள் சேர்த்த ஷெல் ஸ்கிரிப்ட். கட்டளையின் வெளியீட்டைப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் இணைப்பு) வழியாக, அதை ஃபைலிலும் எழுதிவைக்கும் 'டீ' கட்டளைக்கு அனுப்பியிருந்தார்கள். 'பைப்ஃபெயில்' அமைப்பை வைக்காத பாஷ் ஷெல்லில், பைப்பின் கடைசிக் கட்டளையுடைய எக்சிட் கோடுதான் (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்) மிஞ்சும். உள்ளே புரோகிராம் செத்தாலும் ஷெட்யூலருக்குக் கிடைப்பது 0. ஆட்டோசிஸின் இயல்பு அமைப்பில் 0 என்றால் வெற்றி. இப்படிச் சுற்றப்பட்ட ஜாபுக்கு எந்த நிபந்தனை எழுதியும் பயனில்லை.

கேட்டதற்கு, "டிபென்டென்சி வைக்கச் சொன்னீர்கள், வைத்திருக்கிறோம், மாற்ற வேண்டுமென்றால் தனிக் கட்டணம்" என்று பதில் வந்தது. ஒப்பந்த வாசகத்தைக் காட்டியும் அசையவில்லை. திருத்தங்களை எங்கள் ஆட்களே உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறோம்.

ஆகவே கையெழுத்துக்கு முன் எல்லா வரையறைகளையும் ஜில் (ஆட்டோசிஸில் ஜாப்களை வரையறுக்கும் மொழி) வடிவில் எழுத்தில் வாங்குங்கள். 'டன்' இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேளுங்கள். டெஸ்ட் சூழலில் உள்ளீட்டு ஃபைலை நிஜமாகவே நகர்த்தி வைத்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஜாபின் நிலையைக் கையால் 'ஃபெயிலியர்' என்று மாற்றிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அந்தச் சோதனை ஸ்கிரிப்டைத் தொடுவதே இல்லை. ஒரு ஜாபை ஓடாமல் நிறுத்தி வைக்கும் 'ஐஸ்', 'ஹோல்ட்' நிலைகள் இரண்டையும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்: ஹோல்டில் வைத்த ஜாபுக்காக அடுத்தது காத்திருக்கும், ஐஸில் வைத்தால் காத்திருக்காமல் போய்விடும். ஒவ்வொரு கிளையும் தோற்க வேண்டிய இடத்தில் தோற்று நிற்பதைக் கண்ணால் பார்க்கும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள், அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.