பழ ஈப் பொறி வாங்குவோர் கவனத்திற்கு: கொய்யாவுக்கானதைப் பரங்கிக்கு விற்றார்கள்

திண்டிவனம் பக்கத்தில் 50 சென்ட்டில் பரங்கியும் அதையொட்டி 30 சென்ட்டில் முலாம்பழமும் இரசாயன மருந்து எதுவும் தெளிக்காமல் பயிரிட்டிருந்தேன். முளைத்த புதிதில் வந்த சிவப்பு வண்டுகளைக் காலை ஈரத்தில் சாம்பல் தூவியும் கையால் பொறுக்கியும் சமாளித்துவிட்டேன். பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் பழ ஈ வருமே என்று, வழக்கமாக உரம் வாங்கும் கடையில் மணத்தால் ஈக்களை இழுத்துப் பிடிக்கும் 12 இனக்கவர்ச்சிப் பொறிகளை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். "பரங்கிக்குத்தானே, இதுவே போதும், பழ ஈன்னா எல்லாம் ஒண்ணுதாண்ணா" என்றார் கடைக்காரர். உறையில் 'பழ ஈ கவர்ச்சி' என்பதைத் தவிர எந்த மருந்தின் பெயரும் இல்லை. உள்ளேயிருந்த மரக்கட்டைத் துண்டு கிராம்பு போல மணத்தது.

ஒரே வாரத்தில் பொறிகள் ஈக்களால் நிரம்பின. அதைப் பார்த்த மகிழ்ச்சியில், பிஞ்சுகளுக்குக் காகித உறை போடும் வேலையை நிறுத்திவிட்டேன். அது என் தவறு. பத்து நாள் கழித்துப் பரங்கிப் பிஞ்சுகளில் ஊசி குத்தியது போன்ற துளையும் அதிலிருந்து வடிந்து உறைந்த பிசினும் தெரிந்தன. ஒன்றை அறுத்தபோது வெள்ளைப் புழுக்கள் துள்ளி விழுந்தன. முலாம்பழத்தில் பாதிக்கு மேல் அப்படியே அழுகிப்போயிற்று.

பொறியில் இருந்த ஈக்களை வேளாண்மை படித்த உறவினர் ஒருவரிடம் காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. அவையெல்லாம் பக்கத்துக் கொய்யாத் தோப்பின் ஈக்கள். கருத்த முதுகும் தெளிந்த இறக்கையும் கொண்டவை. பரங்கி, பாகல், முலாம் ஆகியவற்றைக் கெடுக்கும் ஈ செம்பழுப்பு நிறத்தில், இறக்கை நுனியில் பழுப்புப் புள்ளியோடு இருக்கும். மா, கொய்யா ஈக்களை, கிராம்பு போல மணக்கும் 'மெத்தில் யூஜினால்' என்ற கவர்ச்சிப் பொருள் இழுக்கும். பரங்கி ஈயோ அதை எட்டியும் பார்க்காது, அதற்குக் 'கியூலூர்' என்ற வேறு கவர்ச்சிப் பொருள்தான் வேண்டும். சரியான கவர்ச்சிப் பொருளை வைத்தாலும் ஆண் ஈக்கள் மட்டுமே சிக்கும் என்பதால், குத்துப்பட்ட பிஞ்சுகளை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைப்பதும், மண்ணில் இறங்கிய கூட்டுப்புழுக்கள் வெயில் படும்படி கொடியடியைக் கொத்திவிடுவதும், உறை போடுவதும் கூடவே நடக்க வேண்டும் என்றார்.

கடைக்குப் போய்க் கேட்டபோது, "பொறியில ஈ விழுந்துச்சா இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார். பில் கேட்காமல் 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டை வாங்கி வந்திருந்த என்னால் அதற்கு மேல் பேச முடியவில்லை. கொடிவகைப் பயிருக்குப் பொறி வாங்குவோர் உறையில் கியூலூர் என்ற பெயரையும் காலாவதித் தேதியையும் பார்த்து, பயிரின் பெயரையும் குறிப்பிட்டு முறையான பில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் இல்லாத உறையை, கடைக்காரர் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும், வாங்காதீர்கள்.

அந்த 12 பொறிகளையும் கொய்யாத் தோப்புக்காரரிடமே கொடுத்துவிட்டேன்.