மார்புக் கட்டி: உறிஞ்சி எடுப்பதா, உறைய வைப்பதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் பெண்ணுக்கு மார்பில் கோலிக்குண்டு மாதிரி நழுவும் கட்டி என்றால், முதல் கேள்வியே "தழும்பு விழுமா?" என்பதுதான். அடுத்து ஏதாவது ஒரு ஆச்சி "கத்தி பட்டா பரவிடும்" என்பார். பரவாது. இளவயதில் வரும் இப்படிப்பட்ட கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா, புற்று இல்லை. ஆனால் அதை டாக்டரின் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்ஸி (கட்டியில் துளி சதை எடுத்துச் சோதிப்பது) என்று எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் நம்ப வேண்டும்.

நான் தழும்பை இரண்டாவதாகத்தான் வைப்பேன். எடுத்த கட்டி லேபுக்குப் போகிறதா, உள்ளேயே கிடக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

வேக்குவம் முறையில் கட்டி லேபுக்குப் போகும். மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் கீறல் வழியாகக் குழாய் போன்ற ஊசியைச் செலுத்தி, ஸ்கேனில் பார்த்தபடியே கட்டியைத் துண்டு துண்டாக வெட்டி உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் தையல் இல்லை, அன்றே வீடு திரும்பலாம். உள்ளே ரத்தம் கட்டிக் கன்றிப்போவது சகஜம், அதனால் அழுத்திக் கட்டுப் போடுவார்கள்; ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பொதுவாக 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிக்கே இது சரிவரும். துண்டுகளாக வருவதால் ஓரம் முழுசாக வந்ததா என்று லேபில் சொல்ல முடியாது, சில சமயம் மிச்சம் தங்கி மறுபடி வளரவும் கூடும்.

கிரையோ என்பது கட்டிக்குள் ஊசி செருகி உறைய வைப்பது. அமெரிக்காவில் 2001லேயே ஃபைப்ரோஅடினோமாவுக்கு அனுமதி கிடைத்த முறை இது. குளிரே மரத்துப்போக வைப்பதால் வலி குறைவு. ஆனால் எதையும் வெளியே எடுப்பதில்லை, செத்த கட்டி மெல்லக் கரைய மாதங்கள் ஆகும், அதுவரை கைக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும், தடவித் தடவிப் பயப்படுகிறவருக்கு இது சரிப்படாது. பயாப்ஸி முடிவு கையில் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. ஹைஃபு (HIFU) என்ற முறையும் அப்படித்தான், எதையும் வெளியே எடுப்பதில்லை. அல்ட்ராசவுண்ட் அலையைக் குவித்துச் சுடுவதால் கீறலே இல்லை, ஆனால் தோலில் சூடு பட வாய்ப்புண்டு, இயந்திரமும் எல்லா ஊரிலும் கிடைக்காது.

பெரிய கட்டி, வேகமாக வளரும் கட்டி, ஃபைலோடஸோ (ஃபைப்ரோஅடினோமா மாதிரியே தெரியும், ஆனால் சில சமயம் புற்றாகவும் இருக்கக்கூடிய வேறு கட்டி) என்ற சந்தேகம் இருந்தால் அறுவைசிகிச்சைதான். அங்கே தழும்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. வெறும் நீர்க்கட்டி என்றால் ஊசியால் நீரை எடுத்தாலே போதும்.

சரி, சின்னக் கட்டி, வளரவில்லை, ஃபைப்ரோஅடினோமா என்று உறுதியும் ஆகிவிட்டது என்றால்? டாக்டர் சொன்ன இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம், பல கட்டிகள் அப்படியே நின்றுவிடும், சில சுருங்கும். எடுத்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் என் ஓட்டு வேக்குவத்துக்கு.

மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறும் முன், சொன்ன தொகையில் வேக்குவம் ஊசியும் லேப் செலவும் சேர்த்தியா என்று போனில் கேட்டுவிடுங்கள். அந்த ஊசி ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே, பில்லை ஏற்றிவிடுவது பெரும்பாலும் அதுதான்.