தூய்மைப் பணியாளர்: வகுப்புக்கு அழைக்கலாமா, வாசலில் சந்திக்கலாமா?

யூகேஜி பிள்ளைகளுக்கு ‘நமக்கு உதவுபவர்கள்’ பாடத்தைத் தினமும் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடமிருந்தே தொடங்கலாம்.

வகுப்புக்கு அழைத்தால் கையுறை, துடைப்பத்தைத் தொட்டுப் பார்க்கலாம். பேச்சு 10 நிமிடம் தாண்டினால் பின்வரிசை கலைந்துவிடும். வேலை நேரத்தில் மட்டும் அழைக்காதீர்கள், சிக்கல் அவருக்குத்தான்.

எங்கள் ஓட்டு பள்ளி வாசலுக்கே. குப்பை வண்டி வரும் நேரத்தில், 6 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் துணை. வாழைப்பழத்தோல் பச்சைத் தொட்டிக்கு, கழுவிக் காயவைத்த பால் கவர் நீலத்துக்கு. பிள்ளையே தன் கையால் போடட்டும். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு “சீ” என்றால் அவர் மனம் நோகும். “வணக்கம் அக்கா, உங்க பேரு என்ன?” என்று கேட்க முந்தைய நாளே இரண்டு முறை பழக்கிவிடுங்கள்.