கழுத்து ரத்தக்குழாய் சுருக்கம்: அறுவை சிகிச்சையா, ஸ்டென்ட்டா?

கழுத்திலுள்ள கரோட்டிட் தமனி சுருங்கினால் வருவது அடைப்பு வகைப் பக்கவாதம். ரத்தக்கசிவு வகை அல்ல. கொழுப்புப் படிவில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போய்விடுகிறது. ஒரு கண் மட்டும் சில நிமிடம் திரை விழுந்ததுபோல் இருண்டு தெளிந்தால்கூட எச்சரிக்கைதான்.

முறை
அறுவை: கழுத்தைத் திறந்து படிவை எடுப்பார்கள்.
ஸ்டென்ட்: பெரும்பாலும் தொடை வழியாக வலைக்குழாயை ஏற்றி விரிப்பார்கள்.

ஆபத்து
இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2010-ல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில், சிகிச்சையை ஒட்டி ஸ்டென்ட்டில் பக்கவாதம் கூடுதல், அறுவையில் மாரடைப்பு கூடுதல். அறுவையில் நரம்பு பாதித்துக் குரல் கம்மவும் செய்யலாம்.

70 வயது தாண்டியவருக்கு அறுவைதான் என் தேர்வு. இதயம் பலவீனம், கழுத்தில் ஏற்கெனவே கதிர்வீச்சு என்றால் ஸ்டென்ட். எதுவானாலும், அறிகுறி கண்ட இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.