கொசுத்தேனீப் பெட்டி: கூட்டம் அருமை, பலகைதான் நம்ம ஊர் வெயிலுக்குப் பத்தாது

மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீ வளர்க்கிற ஒருவரிடம் வாங்கிய கொசுத்தேனீப் பெட்டி (கொசு மாதிரிச் சின்னதாக இருக்கிற தேனீ), பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு முழு வெயில்காலத்தையும் மழைக்காலத்தையும் பார்த்துவிட்டது. உள்ளே இருக்கிற கூட்டத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். பெட்டிக்குப் பாதிதான்.

கூட்டத்தோடு சேர்த்து 2,500 ரூபாய். போனதும் காசை வாங்கிக்கொண்டு தூக்கிக் கொடுத்துவிடவில்லை. "இருட்டட்டும் அக்கா, வெளியே போனதெல்லாம் வந்து அடையட்டும்" என்று உட்கார வைத்துவிட்டார். காத்திருந்த நேரத்தில் மூடியைத் திறந்து ராணியைக் காட்டினார். மற்றதெல்லாம் அரிசி அளவுகூட இல்லை. ராணிக்கு வயிறு உப்பி, சிறகு முதுகில் ஒட்டினாற்போல இருந்தது. இனி அதனால் பறக்க முடியாதாம். ராணியைக் கண்ணால் பார்க்காமல் யாரிடமும் பெட்டி வாங்காதீர்கள். இவர் தன்னிடம் உள்ள கூட்டத்தைப் பிரித்துத்தான் விற்கிறார். சிலர் பழைய காரைச்சுவரைப் பெயர்த்து, அதற்குள் இருப்பதை அள்ளி வந்து விற்கிற கூட்டில் முட்டையறைகள் நசுங்கியே வரும். அந்த வாடைக்குச் சின்ன ஈக்கள் உள்ளே புகுந்து புழு வைத்தால் கூட்டமே போய்விடும். பிரித்து விற்கிற ஆளாகத் தேடிப் போனது அதனால்தான்.

இனி பெட்டி. அரை அங்குலப் பலகை. குமரி மாவட்டத்து ரப்பர் நிழலுக்கு அது போதும். சித்திரையில் 40 டிகிரியைத் தொடுகிற பாளையங்கோட்டைக்கு எப்படிப் போதும்? மத்தியான வேளையில் வாசலில் வரிசையாக நின்று சிறகால் விசிறிக்கொண்டிருந்தன. மரமூடிக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கிறது. அது வழியாகப் பார்த்தால் கறுப்புத் திராட்சைக் கொத்து போல இருக்கும் தேன்குடங்களில் மேல்வரிசை இளகிச் சாய்ந்து கிடந்தது. மெழுகும் பிசினும் கலந்து கட்டியதுதானே, அந்தச் சூட்டுக்கு நிற்காது. மேலே பனையோலை வேய்ந்து, அதன்மேல் ஈரச்சாக்கு போட்ட பிறகுதான் விசிறல் குறைந்தது. போனில் சொன்னேன். "ஒரு அங்குலப் பலகையில் வேண்டுமென்றால் 400 ரூபாய் கூட ஆகும் அக்கா" என்றார். எந்த ஊருக்குக் கொண்டுபோகிறோம் என்று தெரிந்த பிறகு, இதை முதலிலேயே அவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டியோடு தந்த ஸ்டாண்டும் சரியில்லை. கால்களுக்கு வைக்கிற தண்ணீர்க் கிண்ணம் ஆழமே இல்லை. ஆடிக் காற்றில் மண் விழுந்து மேடாகி, எறும்புக்கு அதுவே பாலமாகிவிடுகிறது. கம்பியில் தொங்கவிட்டு, கம்பியில் கிரீஸ் தடவி வைப்பதே மேல்.

"ஏளா, பிள்ளைகளக் கொட்டிராதா?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டார்கள். "இதுக்குக் கொட்டுற கொடுக்கே கிடையாது ஆச்சி" என்றேன். பெட்டியைத் திறந்தால் மட்டும் தலைமுடிக்குள்ளும் காதுக்குள்ளும் புகுந்து கடிக்கும், பிசினை ஒட்டும், அவ்வளவுதான். இப்போது ஆச்சியின் பேத்தி பள்ளிக்கூடம் விட்டதும் இங்கேதான் வருகிறாள். பிசினில் கட்டிய விரல் தடிமன் வாசல் குழாய், அதன் விளிம்பில் சுற்றிலும் காவலுக்குத் தலை நீட்டி நிற்கிற தேனீக்கள், கொய்யாப்பூவிலும் துளசியிலும் காலில் அப்பிக்கொண்டு வருகிற மகரந்தம் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். எதிர்வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடித்த அன்று, காயாத பெயிண்டைப் பிசின் என்று எடுத்து, இரண்டு காலிலும் நீல உருண்டையோடு வந்து இறங்கின. அவள்தான் முதலில் பார்த்தாள்.

தேனுக்காக வாங்குகிறவர்கள் யோசியுங்கள். ஒரு கூட்டில் வருஷத்துக்குக் கால் கிலோ கிடைத்தாலே நல்ல வருஷம். அதையும் வழித்து எடுத்துவிட்டால் ஐப்பசி மழைக்கு அவை பட்டினி கிடக்கும். ஓரத்துக் குடங்களை மட்டும் சுத்தமான மூங்கில் குச்சியால் குத்தி, துணியில் வடித்தேன். கடைத்தேனைவிட நீர்த்திருக்கும், புளிப்பும் பிசின் மணமும் இருக்கும். வெளியே வைத்தால் பொங்கிவிடும், ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். எனக்கு அந்தப் புளிப்பு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இந்தப் பெட்டி வைத்தால் முருங்கை காய்த்துக் குலுங்கும் என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். நம்பாதீர்கள். முருங்கைப் பூவில் பெரும்பாலும் வேலை செய்வது பெரிய கருவண்டுதான். கொத்தமல்லி, வெள்ளரி, துளசி மாதிரிச் சின்னப் பூக்களில்தான் இவற்றின் கைவரிசை தெரியும்.

செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். சில நூறு மீட்டருக்குள்ளேயே மேய்கிற ஜீவன், அடித்ததெல்லாம் கூட்டுக்குள் வந்துவிடும். தெருவில் கொசுப்புகை போடுகிற சாயங்காலங்களில், எல்லாம் அடைந்த பிறகு வாசலில் வலைத்துணி கட்டி, பெட்டியை வீட்டுக்குள் எடுத்துவைத்து, புகை கலைந்ததும் பழைய இடத்திலேயே மாட்டிவிடுகிறேன்.

தை மாசியில் கூட்டம் பிரிக்க அவரிடமே இன்னொரு பெட்டி சொல்லியிருக்கிறேன், ஒரு அங்குலப் பலகையில், ஸ்டாண்ட் இல்லாமல்.