எண்ணூர் எண்ணெய்க் கசிவு உதவி மையம்: படகில்லாதவர்களையும் கணக்கில் எடுத்தார்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு ஆலை எண்ணெயும் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் வரை படர்ந்தது. அதன்பின் சமூகப்பணி மாணவிகளை வைத்து ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் பகுதியில் உதவி மையம் நடத்தியது. மீன் விற்கும் என் அம்மாவுக்காக அங்கே போனேன்.

அரசு 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. கறை படிந்த படகை யாரும் பார்த்து எண்ணிவிடலாம். பறி என்னும் மீன்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஆற்றில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களின் இழப்பை எதை வைத்து எண்ணுவது? அந்த வேலையைத்தான் இந்த மாணவிகள் செய்தார்கள். யார் எப்போது ஆற்றில் இறங்குவார், யாரிடம் விற்பார், நாளுக்கு என்ன கிடைத்தது என்று வீடு வீடாகக் கேட்டு, அவரவர் சொன்னபடியே எழுதினார்கள். தோல் தடிப்பும் கண் எரிச்சலும் இருந்தவர்களை மருத்துவரிடம் அழைத்துப்போய், அந்தச் சீட்டை மனுவோடு இணைத்தார்கள். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கும் உடன் வந்தார்கள். ஆனால் பேசியது பெண்கள்தான். எண்ணூர் மீன் என்றாலே வாங்க மறுக்கிறார்கள் என்று அம்மா அதிகாரியிடம் நேரில் சொன்னார். இதற்காகவே அந்தப் பிள்ளைகளுக்கு நான் நன்றி சொல்வேன்.

குறைகளும் உண்டு. மாலை 5 மணிக்கே மையத்தைப் பூட்டிவிட்டால், சந்தையிலிருந்து திரும்பும் பெண்கள் எப்போது வருவார்கள்? தொடக்கத்தில் மனநல ஆலோசனை என்று மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். கடன் வசூலிப்பவர் வாசலில் நிற்கையில் அது யாருக்கும் உதவவில்லை. பிறகு சுய உதவிக் குழுத் தவணையைத் தள்ளிவைக்கப் பேசினார்கள். பெண்கள் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார்கள். நிதி முடிந்ததும் மையத்தை மூடிவிட்டார்கள். அப்போதும் அலையாத்திச் செடிகளின் வேரில் கறை போகவில்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் கணக்கெடுப்பை ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்பே செய்து வைக்க வேண்டும். அடுத்து இப்படி மையம் திறப்பவர்கள் இரவு 8 மணி வரையாவது இருங்கள். உதவி கேட்டுப் போகிறவர்கள் குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் நகலை எடுத்துச் செல்லுங்கள். மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.