கேள்வியும் அடைப்புக்குறியும்: இடைநிலைப் பிள்ளைகளுக்கான வேதபாடக் கையேடு ஒன்றின் மதிப்புரை

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே வகுப்பாக உட்கார வைத்திருக்கிறோம். பாலர் வகுப்பின் செய்கைப் பாட்டுக்குக் கையசைக்க வெட்கப்படுகிற வயது. வாலிபர் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தாலோ மின்விசிறியை எண்ணிக்கொண்டிருக்கிற வயது. இந்த இடைப்பட்டவர்களுக்கென்றே தமிழில் எழுதப்பட்ட ஓராண்டுப் பாடத்திட்டம் ஒன்றைச் சென்ற ஜூன் மாதம் வாங்கி, நாற்பத்தெட்டுப் பாடங்களில் நாற்பத்தொன்றை நடத்தி முடித்தோம். ஆசிரியர் கையேடு 240 ரூபாய், மாணவர் பயிற்சி நூல் 90 ரூபாய். நாங்கள் கண்ட குறைகளைப் பதிப்பகத்துக்கே கடிதமாக எழுதியிருப்பதாலும், மறுபதிப்பில் திருத்துவதாக அவர்கள் பதில் அனுப்பியிருப்பதாலும், நூலின் பெயரை இங்கே சொல்லவில்லை. இவ்வகைக் கையேடு எதுவாயினும், வாங்குமுன் எந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்தக் குறிப்பு உதவக்கூடும்.

முதலில் பாராட்ட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பாடத் தேர்வு மிக நன்றாக இருக்கிறது. பேழை, யோனா, சகேயு என்று பிள்ளைகள் நான்கு வயதிலிருந்து கேட்டுச் சலித்தவற்றைக் குறைத்துக்கொண்டு, அவர்கள் வயதை ஒட்டியவர்களை முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள். சீரியாவின் படைத்தலைவன் நாகமானின் வீட்டில் சிறைப்பட்டு வேலை செய்த இஸ்ரவேல் சிறுமி, எட்டு வயதில் அரசனான யோசியா, பவுலைக் கொல்லப் பதிவிருந்தவர்களின் சதியைக் கேள்விப்பட்டுக் கோட்டைக்குள் போய்ச் சொன்ன அவனுடைய சகோதரியின் மகன் ஆகியோருக்குத் தனித்தனிப் பாடங்கள் உண்டு. பவுலின் மருமகனைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் 23-ஆம் அதிகாரத்தில் ஏழெட்டு வசனங்களே இருக்கின்றன. அவன் பெயர்கூட அதில் இல்லை. ஆனாலும் நாங்கள் நடத்தியவற்றில் பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்ட பாடம் அதுதான்.

ஆசிரியரின் ஆயத்தத்துக்கு ஒவ்வொரு பாடத்திலும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருப்பதும் நல்ல ஏற்பாடு. திங்கட்கிழமை வேதபகுதியை மட்டும் வாசி, புதன்கிழமை உனக்கே எழும் கேள்விகளை எழுது, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கையேட்டைத் திற என்று அந்தப் பக்கம் நிதானமாக வழிநடத்துகிறது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கையேட்டைத் திறந்து பழகிய எங்களுக்கு இது கசப்பு மருந்தாகத்தான் இருந்தது. இருந்தும் இரண்டு மாதம் அப்படிச் செய்த பிறகு வகுப்பில் தாளைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் எங்களைவிட்டுப் போயிற்று.

குறைகளில் பெரியதை ஒரு பாடத்தைக் கொண்டே விளக்குகிறேன். லூக்கா இரண்டாம் அதிகாரத்தில், பன்னிரண்டு வயது இயேசு பஸ்கா பண்டிகை முடிந்தும் பெற்றோருக்குத் தெரியாமல் எருசலேமில் தங்கிவிடுகிற பகுதி அது. கையேட்டில் ஒரு வரைபடம் இருக்கிறது, அளவுகோல் இல்லை. நாசரேத் என்ற பெயரைப் பார்த்ததும் முதல் வரிசைப் பையன், "அங்கே எங்க அத்தை வீடு இருக்கு, பஸ்லயே போயிரலாமே" என்றான். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தைச் சொன்னான். வகுப்பு சிரித்து அடங்கியபின், கலிலேயாவின் நாசரேத்துக்கும் எருசலேமுக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் என்பதைத் திருநெல்வேலியிலிருந்து விருதுநகர் வரை நடப்பதாகக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். ஒருநாள் பயணம் போன பிறகே மகன் உடன் இல்லை என்பது தெரிந்தது என்றால், ஏறக்குறைய கயத்தாறு வரை நடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டதும் வகுப்பில் ஒரு மௌனம் வந்தது. அப்போது பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "சொல்லாமல் தங்கினது தப்பு இல்லையா, அக்கா? நான் செஞ்சா எங்கம்மா அடிப்பாங்களே" என்று கேட்டாள்.

இவ்வளவு நல்ல கேள்விக்கு அந்தப் பகுதியே இடம் கொடுக்கிறது. ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய் என்று மரியாளும் அதையேதான் கேட்கிறாள். இயேசு சொன்ன மறுமொழியைப் பெற்றோர் உணர்ந்துகொள்ளவில்லை என்று ஐம்பதாம் வசனம் மறைக்காமல் சொல்கிறது. கையேடோ, "இயேசு ஏன் தங்கினார்?" என்று அருமையாகக் கேட்டுவிட்டு, அதே வரியில் அடைப்புக்குறிக்குள் "கீழ்ப்படிதல் காரணமாக" என்று அச்சிட்டு, ஐம்பதாம் வசனத்தைத் தாண்டி, இயேசு பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்கிற ஐம்பத்தொன்றுக்குப் போய்விடுகிறது. எல்லாப் பாடங்களிலும் இதுவே நடக்கிறது. கேள்வியை எழுதியவருக்குப் பிள்ளைகள் மேல் நம்பிக்கை இருந்திருக்கிறது. விடையை எழுதியவருக்கு ஆசிரியர் மேல்கூட நம்பிக்கை இல்லை. முதல் ஆண்டு கற்பிக்கிற கல்லூரி மாணவியிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்தால், பிள்ளை வேறு விடை சொல்லும்போது அதைத் திருத்த வேண்டும் என்றே நினைப்பாள். எங்கள் வகுப்பில் அப்படி இரண்டு முறை நடந்தது.

அடுத்தது நேரம். விளையாட்டுக்குப் பத்து, வாசிப்புக்குப் பதினைந்து, கலந்துரையாடலுக்கு இருபது, செயல்பாட்டுக்குப் பதினைந்து என்று ஒரு மணி நேரக் கணக்கில் பாடம் எழுதப்பட்டிருக்கிறது. ஆராதனை முடிந்து எங்களுக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம்; வருகைப் பதிவும் காணிக்கையும் போக முப்பத்தைந்து. எதை விடலாம் என்று கையேடு ஒரு சொல்லும் சொல்வதில்லை. விளையாட்டை விட்டுவிட்டு வாசிப்பைக் காப்பாற்றுவதே சரி என்பது எங்கள் அனுபவம். உங்கள் பிள்ளைகள் ஓடியாடினால்தான் அடங்குகிறவர்கள் என்றால் செயல்பாட்டை விடுங்கள். மாணவர் நூலின் கட்டங்களை நிரப்புவதும் படத்துக்கு வண்ணம் தீட்டுவதும் ஏழாம் வகுப்புப் பையனுக்கு எப்படியும் அவமானமாகத்தான் படுகின்றன.

மொழி பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. வேதபகுதிகள் அனைத்தும், ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த, நம் ஆலயங்களில் வாசிக்கிற அதே நடையில் தரப்பட்டுள்ளன. அதில் எனக்குக் குறை இல்லை. அந்த நடையின் ஓசை காதில் ஏற வேண்டிய வயது இது. ஆனால் ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்கு ஒரு சொற்பொருள் பட்டியலாவது வேண்டும். சாமுவேலின் பாடத்தில் "பிரத்தியட்சமான தரிசனம் இருந்ததில்லை" என்ற வரிக்கு வந்த ஆறாம் வகுப்புச் சிறுவன் மூன்று முறை உடைத்து உடைத்து வாசித்துவிட்டு, புத்தகத்தைப் பக்கத்தில் இருந்தவனிடம் தள்ளினான். 1780-இல் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, வாரம் முழுவதும் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுப்பதையும் தன் வேலையாகக் கொண்டிருந்தது. வாரம் முழுவதும் பள்ளிக்கே போகிற பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிற வேலை இப்போது எங்கள் கையில் இருக்கிறது. நாங்கள் இக்காலத் தமிழில் 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பின் இரண்டு பிரதிகளை மேசையில் வைத்து, கடினமான வரிகளை அதிலும் ஒருமுறை வாசிக்க வைத்தோம்.

பாதுகாப்பைப் பற்றிய அரைப்பக்கம் வரவேற்கத்தக்கது. எந்த வகுப்பிலும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஜெபக் குறிப்பு கேட்கும்போது ஒரு பிள்ளை வீட்டில் நடக்கும் அடியையோ அதைவிட மோசமானதையோ சொல்லிவிட்டால் ஆசிரியர் என்ன செய்வது என்பது இல்லை. குறைந்தபட்சம் குழந்தைகள் உதவி எண் 1098 அந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். எங்கள் பிரதிகளில் அதைக் கையால் எழுதி வைத்திருக்கிறோம்.

தாளும் கட்டுமானமும் சுமார். ஆறாம் மாதத்தில் நடுப்பக்கங்கள் கழன்றன.

முப்பது பிள்ளைகளும் ஓரளவு அனுபவமுள்ள ஆசிரியர்களும் இருக்கிற சபைக்கு ஆசிரியர் கையேட்டைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். மாணவர் நூலுக்குச் செலவிட வேண்டாம். இந்த ஆண்டு நாங்கள் கையேட்டில் மட்டும் இன்னும் மூன்று பிரதிகள் வாங்கிவிட்டு, பிள்ளைகளுக்குக் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு கொடுத்திருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆசிரியைகளிடம் பிரதிகளைக் கொடுக்குமுன், முதல் பன்னிரண்டு பாடங்களில் அடைப்புக்குறிக்குள் இருந்ததையெல்லாம் நானே கறுப்புப் பேனாவால் அடித்துக் கொடுத்தேன்.